பதினான்காவது ஓட்டம்

வின்னிப்பெக், போர்டேஜ் அவென்யூ,
டோனட் கடைக்கு மேலே மாடி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே இருபத்திரண்டரை. அரைப் புள்ளி கூடினாலும்
எடுத்த அளவுகள் செல்லாது.
ஹீட்டரின் பொத்தானைத் தொட எனக்கு அனுமதியில்லை.

இன்று வந்திருக்கும் போன் கறுப்பு.
தோளில் இரண்டு பொத்தான்கள், முதுகில் சின்ன விசிறி.
கொசுவுக்குக் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் முனகும்.
பெட்டியின் மேல் அசுர பலம் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார்கள்.
அசுரர்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்று
விளம்பரக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

விளையாடுவதுதான் என் உத்தியோகம்.
சம்பந்தம் பேச வந்தவர்களிடம் அம்மா
தரக்கட்டுப்பாடு என்று சொல்லிவைத்திருக்கிறாள்.
பொய்யில்லை.
நான் ஜெயிக்கக் கூடாது. தோற்கவும் கூடாது.
ஆலைக் கதவு, சரக்குப் பெட்டிகளின் சந்து, துருப்பிடித்த பாலம்,
பாலத்தில் திரும்பி மறுபடி ஆலைக் கதவு.
இருபது நிமிடம் ஓட்டு, பத்து நிமிடம் ஆறவிடு, மறுபடி ஓட்டு.
ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதன் இரட்டைப் பிள்ளை,
மச்சம்கூட இடம் மாறக் கூடாது.
சர்வரில் ஆள் இருக்கக் கூடாது, அதனால்தான் இரவு ஷிஃப்ட்.

முதல் ஓட்டம், நொடிக்கு நூற்றிருபது ஃபிரேம். வெண்ணெய்.
மூன்றாவதில் நூற்றுப் பதினெட்டு.
ஏழாவதில் இடது ஆள்காட்டி விரலுக்கடியில்
நாற்பத்தேழு புள்ளி ஆறு டிகிரி,
போன் தானாகவே மூச்சைக் குறைத்துக்கொண்டது:
எழுபத்தொன்று, அறுபத்து நான்கு.
இதைக் குறைகள் என்ற கட்டத்தில் எழுத வேண்டும்.
தன்னை எரித்துக்கொள்ள மறுத்த ஒன்றை
அந்தக் கட்டத்தில் எழுதக் கை தயங்கியது.
தயங்கிய கை அதே சூட்டில்தான்
குளிர்காய்ந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
எழுதினேன்.

பதினான்காவது ஓட்டம். அதிகாலை மூன்று பத்து.
பாலத்தின் நடுவில் ஒருவன்.

துப்பாக்கி முதுகில். சுடவில்லை.
குனிந்தான், நிமிர்ந்தான். குனிந்தான், நிமிர்ந்தான்.
பேச்சுப் பொத்தான் இல்லாத இடத்தில் அதுதான் வணக்கம்.
அவன் பெயரின் வால் இருநூற்று நான்கு,
இந்த ஊரின் தொலைபேசிக் குறியீடு.
இதே குளிருக்குள் எங்கோ ஒரு ஜன்னல் அணையவில்லை.
பனி வாரும் வண்டிக்காரனா, ஆஸ்பத்திரிக் காவலாளியா,
நாளைய பரீட்சைக்குப் படிக்காத பிள்ளையா.

அவனைச் சுற்றிக்கொண்டு போனாலும் ஓட்டம் கெட்டதுதான்.
கெட்டது கெட்டுவிட்டது.
குனிந்தேன், நிமிர்ந்தேன்.
அவன் கைப்பிடிச் சுவரின் உடைந்த இடத்தில் குதித்தான்.
நானும் குதித்தேன்.

இருநூறு முறை கடந்திருப்பேன் அந்தப் பாலத்தை.
கீழே தண்ணீர் ஓடுவதை அன்றுதான் பார்த்தேன்.
நாணல், நிலா, நிலாவை நாலாய் உடைக்கும் ஒரு மீன்.
அத்தனையையும் வரைய முடியாமல் போன் திணறியது.
நாற்பத்தொரு ஃபிரேம்.
அன்றிரவின் மிக மோசமான எண்.
ஒரு கல்லின் மேல் அவன் உட்கார, அடுத்த கல்லின் மேல் நான்.
எவ்வளவு நேரம் என்று அளக்கவில்லை.
பிறகு நடு ஆற்றில் ஒரு வாத்து மறைவதுபோல்
சத்தமில்லாமல் இல்லாமல் போனான்.
சார்ஜ் தீர்ந்திருக்கும். அல்லது ஷிஃப்ட் தொடங்கியிருக்கும்.

அலுவலகப் படிவத்தில்:
ஓட்டம் பதினான்கு, சேர்க்கப்படவில்லை. காரணம், இடையூறு.
என் சொந்த நோட்டில் ஒரே சொல்:
ஆறு.
காலையில் வரும் தர்ஷிகன் எட்டிப் பார்த்து
எது ஆறு, டிகிரியா, ஓட்டமா என்பான்.
கையைத் தேய்த்துக்கொண்டே டோனட்டைப் பிய்ப்பேன்.

போனைத் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.
விசிறி இன்னும் நிற்கவில்லை.
பதினைந்தாவது, நாலு ஐந்துக்கு.